ஆன்ட்வெர்ப் பிளான்டின்-மொரெட்டஸ் மியூசியம்: எழுத்தும் எண்ணும் ஒரே ஈயத்துல

பெல்ஜியம் வர்ற நம்மாளுங்க முக்காவாசிப் பேர் பிரஸ்ஸல்ஸ், ப்ரூஜ், சாக்லேட்டு, வாஃபிள்னு முடிச்சுட்டு ஃப்ளைட் ஏறிடுறாங்க. ஆன்ட்வெர்ப்ல ஒரு பழைய அச்சாபீஸ் அப்படியே மியூசியமா இருக்கு, அதுக்கு அரை நாள் ஒதுக்குங்கன்னு சொல்லத்தான் இந்த ரிவ்யூ. எங்கிட்ட கேட்டா அஞ்சுக்கு அஞ்சு. நான் தனியா போயிருந்தா நாலுதான் குடுத்திருப்பேன், இந்தத் தடவை அப்பா கூட வந்தார், அந்த ஒரு ஸ்டார் அவரால வந்தது.

அப்பா கும்பகோணத்துல ஒரு பிரஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்தை ஒண்ணொண்ணா எடுத்துக் கோக்கிறவர். காலால மிதிக்கிற டிரெடில் மெஷின், ஈய எழுத்து, அதைக் கோக்கிற ஸ்டிக், கோத்ததை வைக்கிற கேலித் தட்டு, மண்ணெண்ணெய் போட்டு துடைச்ச துணி, இதெல்லாம் சேந்த வாசனைதான் எனக்கு சின்ன வயசு அப்பா. ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் வந்தப்புறம் முதலாளி, கேஸ்னு சொல்ற கட்டம் போட்ட மரத் தட்டு தட்டா எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டார், அன்னிக்கு அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப எழுபத்தொண்ணு ஆகுது, மூணு மாசம் எங்கூட இருக்க வந்திருக்கார். எங்க கூட்டிட்டுப் போனாலும் "நல்லா இருக்கும்மா"ன்னு ஒரே பதில்தான். இங்க மட்டும்தான் நான் கூப்பிடக் கூப்பிட வராம நின்னார்.

பிரஸ்ஸல்ஸ்லேர்ந்து ரயில்ல முக்கால் மணி நேரம், சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்து கடைத்தெரு வழியா குரூன்பிளாட்ஸ் வரைக்கும் நடந்து, ஓவியர் ரூபன்ஸ் சிலையைத் தாண்டி கொஞ்சம் உள்ள போனா ஃப்ரைடாஹ்மார்க்ட், பேரே வெள்ளிக்கிழமை சந்தைன்னுதான். வெளிய பாத்தா சாதாரணப் பெரிய வீடு மாதிரி இருக்கும், உள்ள போனா நடுவுல முற்றம், சுத்தி கட்டடம், சுவர்ல கொடி. நம்ம ஊர் பெரிய நாலுகட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு. கிறிஸ்டோஃப் பிளான்டின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1555-ல இந்த ஊர்ல அச்சுத்தொழில் ஆரம்பிச்சார், இந்த இடத்துக்கு 1576-ல வந்தார், அப்புறம் மருமகன் மொரெட்டஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையா முந்நூறு வருஷம் இதே வீட்டுல வச்சுக் காப்பாத்தி, 1876-ல ஊருக்கு வித்தாங்க, அடுத்த வருஷமே மியூசியம். 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. ஒரே குடும்பம், ஒரே வீடு, எதையும் எடைக்குப் போடல, அதனாலதான் இவ்வளவும் மிஞ்சியிருக்கு. அப்பாகிட்ட இதைச் சொன்னப்ப ஒண்ணும் பேசல.

கீழ்த்தளத்துல கடை, ஆபீஸ் ரூம், தங்க வேலைப்பாடு பண்ணின தோல் ஒட்டின சுவர், புரூஃப் பாக்கிறவங்களோட ரூம்ல பெரிய ஓக் மேஜை, ரூபன்ஸ் வரைஞ்ச குடும்பப் படங்கள், எல்லாம் அழகுதான், படத்துக்காக வர்றவங்களுக்கு அது பெரிய விருந்து, நான் அதைப் பத்தி அதிகம் எழுதப்போறதில்ல. நாங்க போனது எழுத்துக்கு.

எழுத்து ரூமுக்குள்ள நுழைஞ்சதும் அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி போட்டுக்கிட்டார். சுவர் பூரா ரேக்கு, ரேக்குல மரக் கேஸ், கேஸ்ல கட்டம் கட்டமா ஈயம். "இது நம்ம கேஸ்தாம்மா"ன்னார். ஆமா, நானூறு வருஷத்துல பெருசா ஒண்ணும் மாறல, கட்டத்தோட கணக்கு மட்டும் மொழிக்கு மொழி வேற. எபிரேயத்துக்கு இருபத்திரண்டு, கிரேக்கத்துக்கு இருபத்திநாலு எழுத்துதான்னு நாம நினைச்சுக்குவோம், ஆனா அந்தக் காலத்து கிரேக்க அச்சு கையெழுத்து மாதிரியே இருக்கணும்னு ரெண்டு மூணு எழுத்தைச் சேத்து சேத்து வார்த்திருக்காங்க, அந்தக் கூட்டெழுத்து மட்டுமே ஏகப்பட்டது, கி, கீ, கு, கூன்னு நமக்கு எத்தனை கட்டம் வேணுமோ அதே தலைவலி அவங்களுக்கும் இருந்திருக்கு. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி லை, னை, றா, னா எல்லாத்துக்கும் தனி அச்சு வச்சிருந்த ஆளு எங்கப்பா, அவருக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியிருக்கல.

இப்ப மெயின் விஷயம். இந்த மியூசியத்துக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, பாக்கிறதே வேற மாதிரி ஆயிடும். யூதர்களோட பழைய எபிரேயம், கிரேக்கம், சிரியா பக்கத்துப் பழைய மொழியான சிரியாக் இந்த மூணுலயும் எண்ணுக்குன்னு ஒரு தனி வரிசை கிடையாது, எழுத்துதான் எண். எபிரேயத்துல அலெஃப் 1, பெத் 2, அப்படியே போய் யோத் 10, காஃப் 20, கோஃப் 100, கடைசி எழுத்து தாவ் 400. அப்ப அச்சாபீஸ்ல எண்ணுக்குன்னு தனியா ஈயம் வாங்க வேண்டாம், சொல்லுக்குக் கோக்கிற அதே துண்டுதான் கணக்குக்கும். 15 மட்டும் பத்தையும் அஞ்சையும் சேத்து எழுத மாட்டாங்க, அந்த ரெண்டெழுத்தும் கடவுளோட பேர்ல வர்றதுனால 9-ம் 6-மா போடுவாங்க, 16-ம் அப்படித்தான், 9-ம் 7-ம். எபிரேயப் புத்தகம் போட்ட அச்சுக்காரங்க முகப்புல வருஷத்தையும் எழுத்துலதான் போடுவாங்க. உதாரணத்துக்கு 1566-ன்னா யூதக் கணக்குல 5326, ஆயிரத்தை விட்டுட்டா 326, ஷின் 300, காஃப் 20, வாவ் 6, மூணே எழுத்து. சில பேர் இன்னும் ஒரு படி மேல போய் வேதத்துலேர்ந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு, அதுல சில எழுத்தை மட்டும் பெரிய சைஸ்ல கோத்துடுவாங்க, பெரிய எழுத்தை மட்டும் கூட்டினா வருஷம் வரும். அதாவது ஒரே வரி படிச்சா வசனம், கூட்டினா தேதி, அதைப் பண்றது கம்பாசிட்டரோட கை.

இதை நான் அப்பாகிட்ட சொன்னப்ப அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, "எழுத்து கேஸ் மாறி விழுந்தா?" அச்சடிச்சு முடிச்சப்புறம் எழுத்தைப் பிரிச்சு அந்தந்த கட்டத்துல போடணும்ல, அதுல ஒண்ணு தப்பா விழுந்தா அடுத்த வேலைல அந்தத் தப்பு வரும். சாதாரண வார்த்தைல தப்பு வந்தா படிக்கிறவன் புரிஞ்சுப்பான், எண்ணுல வந்தா? எபிரேயத்துல தாலெத்தும் ரேஷும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி, முதுகுப் பக்கம் மூலை மட்டும்தான் வித்தியாசம், ஒண்ணு 4, இன்னொண்ணு 200. பெத், காஃப் அதே கதை, 2-ம் 20-ம். அப்பா கண்ணாடிக்கிட்ட குனிஞ்சு அந்த எழுத்துகளை ரொம்ப நேரம் பாத்தார். "பிரிச்சுப் போடுறவனுக்கு கூலி கூடக் குடுக்கணும்மா இதுக்கு"ன்னார்.

அடுத்தது கிரேக்கம். ஆல்ஃபா 1, பேட்டா 2ன்னு போகும், எழுத்துக்கு மேல வலப்பக்கம் ஒரு சின்னக் கீறல் இருந்தா அது எண், ஆயிரம்னா கீழ இடப்பக்கம் கீறல். ஆனா 24 எழுத்து பத்தாது, 900 வரைக்கும் போகணும்னா 27 வேணும், அதனால வழக்கொழிஞ்ச மூணு எழுத்தை எண்ணுக்காக மட்டும் உயிரோட வச்சிருந்தாங்க, 6-க்கு ஒண்ணு, 90-க்கு ஒண்ணு, 900-க்கு ஒண்ணு. இதுல 6 இருக்கே, அதுதான் எனக்கு இந்த ட்ரிப்லயே ரொம்பப் பிடிச்சது. அதோட பழைய உருவம் தேஞ்சு தேஞ்சு, ஸ், த் ரெண்டும் சேந்த கூட்டெழுத்து மாதிரியே ஆயிடுச்சு, பேரும் ஸ்டிக்மான்னு ஆயிடுச்சு. அச்சாபீஸ்ல ரெண்டுக்கும் ஒரே ஈயம். சொல்லுக்கு நடுவுல விழுந்தா ஸ்த், தனியா கீறலோட நின்னா ஆறு.

அப்பா சட்டுனு சொன்னார், "நமக்கும் ஆறு சு தானே."

நான் அங்கயே நின்னுட்டேன். க உ ங ச ரு சு எ அ கூ ய. சின்ன வயசுல தாத்தா சொல்லிக்குடுத்து பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணது. ஒரு மடத்து வெளியீடெல்லாம் அப்பா பிரஸ்லதான் வரும், பக்க எண் தமிழ் எண்லதான் வேணும்னு கேப்பாங்களாம், அப்ப ஒண்ணுக்கு க, ரெண்டுக்கு உ, நாலுக்கு ச, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, எல்லாம் அதே கேஸ்லேர்ந்து எடுக்கிற எழுத்துதான், ஆறுக்கு சு, ஒன்பதுக்குத் தனி அச்சு இல்லாதப்ப கூ. நூறு, ஆயிரத்துக்கு மட்டும் தனி அச்சு, அது ஒரு சின்ன டப்பாவுல இருக்குமாம், கம்மியாத்தான் இருக்கும், தொலைஞ்சா கிடைக்காதுன்னு அப்பாதான் பொறுப்பு. "அந்த டப்பாவும் எடைக்குப் போயிடுச்சு"ன்னார். ரெண்டு மொழிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா 6-க்கு ரெண்டு பேருமே ஒரு கூட்டெழுத்து மாதிரி உருவத்துல வந்து நிக்கிறாங்க, தற்செயல்தான், எனக்குத் தெரியும், இருந்தாலும் கும்பகோணத்துக் கம்பாசிட்டர் ஆன்ட்வெர்ப்ல கிரேக்க கேஸ் முன்னாடி நின்னு அதைச் சொன்னது எனக்குப் பெரிசா இருந்துச்சு.

லத்தீனும் விட்டு வைக்கல. ரோமன் எண் எழுத்துதான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தக் காலப் புத்தக முகப்புல வருஷத்தைப் பாத்தீங்கன்னா எம், டி இருக்கிற இடத்துல சில சமயம் வேற என்னமோ இருக்கும். ஆயிரத்துக்கு ஒரு சி, ஒரு ஐ, அப்புறம் திரும்பின சி. ஐந்நூறுக்கு ஐ, திரும்பின சி. திரும்பின சின்னு தனியா ஒரு எழுத்து வார்க்க வேண்டாம், இருக்கிற சியை எடுத்து தலைகீழா நிறுத்தினா போதும். இதை அப்பாதான் எனக்குக் காட்டினார். ஒவ்வொரு ஈய எழுத்துக்கும் உடம்புல ஒரு பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், நிக்குன்னு சொல்லுவாங்க, கம்பாசிட்டர் எழுத்தைப் பாக்கவே மாட்டார், விரல்ல அந்த நிக்கு பட்டா எந்தப் பக்கம் நேர்னு தெரிஞ்சுடும். "இதுல மட்டும் நிக்கு எதிர்ப்பக்கம் போகும், வரிசைல ஒண்ணு மட்டும் மாறி நிக்கும், புதுப் பையன் தப்புன்னு நினைச்சு நேரா திருப்பி வச்சுடுவான், வருஷம் போச்சு"ன்னார். முகப்புல இருந்த அந்த வருஷத்தை நான் வெறும் வருஷமாத்தான் பாத்தேன், அவர் அதுக்குப் பின்னாடி இருக்கிற உலோகத்தைப் பாத்தார்.

மாடில எழுத்து வார்க்கிற ரூம். மாடிப்படி பழைய மரப்படி, முட்டி வலி இருக்கிறவங்க மெதுவா ஏறுங்க, ஏறாம மட்டும் போயிடாதீங்க. அப்பாவுக்கு எழுத்து மெட்ராஸ்லேர்ந்து பவுண்டரி பார்சல்லதான் வரும், அது எப்படிப் பிறக்குதுன்னு அவர் பாத்ததே இல்ல. இங்க முழு வரிசையும் இருக்கு. முதல்ல எஃகுக் கம்பி முனைல எழுத்தைத் தலைமாத்தி வெட்டுவாங்க, அதுதான் பஞ்ச், அதை செம்புத் துண்டுல அடிச்சா நேரெழுத்தா ஒரு குழி, அது மேட்ரிக்ஸ், அந்தக் குழியை கைல பிடிக்கிற மோல்டுல வச்சு காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்து உருக்கி ஊத்தினா ஒரு எழுத்து. ஒவ்வொண்ணா, கையால. இந்த வீட்டுல ஆயிரக்கணக்குல பஞ்சும் மேட்ரிக்ஸும் இருக்கு, கராமோன் வெட்டின எழுத்தோட மேட்ரிக்ஸ் இருக்கு, கியோம் லெ பே வெட்டின எபிரேயம், ரொபேர் கிரான்ழோன் வெட்டின சிரியாக், எல்லாம் நகல் இல்ல, அசல். ஒரு பஞ்ச் நுனி அரிசி அளவுகூட இருக்காது, அதுல வளைவு, காது, மூலை எல்லாம் வெட்டியிருக்கான் மனுஷன். தாலெத்துக்கும் ரேஷுக்கும் நடுவுல இருக்கிற அந்த மூலையும் இங்கதான் பிறந்திருக்கு, கைல இருந்த அரத்தோட ஒரு இழுப்புல 4 இருநூறு ஆகியிருக்கும்.

இந்த எழுத்தெல்லாம் சேந்து வேலை செஞ்சதைப் பாக்கணும்னா பாலிகிளாட் பைபிளை, அதாவது பல மொழி பைபிளைப் பாருங்க. 1568-லேர்ந்து 1572 வரைக்கும் அச்சடிச்சது, எட்டு வால்யூம், எபிரேயம், கிரேக்கம், லத்தீன், அரமேயம், சிரியாக்னு அஞ்சு மொழி. ஸ்பெயின் ராஜா இரண்டாம் பிலிப், பெனிட்டோ அரியாஸ் மொன்டானோன்னு ஒரு அறிஞரை மேற்பார்வைக்கு அனுப்பினார். காகிதத்துல சுமார் 1,200 செட். இது இந்த வீட்டுல அச்சானது இல்ல, இங்க வர்றதுக்கு முன்னாடி காமன்ஸ்ட்ராட் தெருவுல இருந்தப்ப. விரிச்சு வச்ச பக்கத்துல இடப்பக்கம் எபிரேயமும் அதுக்குப் பக்கத்துல லத்தீனும், வலப்பக்கம் கிரேக்கமும் அதோட லத்தீன் மொழிபெயர்ப்பும், கீழ அரமேயம், அதுக்கும் லத்தீன். எபிரேயம் வலமிருந்து இடம், பக்கத்துல இருக்கிற லத்தீன் பத்தி இடமிருந்து வலம், ஒரே வசனம் ஒரே உயரத்துல வந்து நிக்கணும், ஒரு மொழில நாலு வரி ஆகிறது இன்னொண்ணுல ஆறு வரி ஆகும், எங்க வரிக்கு நடுவுல லெட்டுங்கிற ஈயப் பட்டையைச் சொருகினாங்க, எங்க இறுக்கினாங்கன்னு வெளிய தெரியவே தெரியாது. புதிய ஏற்பாட்டு வால்யூம்ல சிரியாக்கை சிரியாக் எழுத்துலயும் போட்டு, அது தெரியாதவங்களுக்காக கீழ அதையே எபிரேய எழுத்துல மறுபடியும் கோத்திருக்காங்க. ஒரே பாட்டை ரெண்டு எழுத்துல. அப்பா பக்கத்தோட ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் விரலைக் கண்ணாடிக்கு மேல காத்துலயே ஓட்டிக்கிட்டு வரிகளை எண்ணினார், ரெண்டு தடவை.

இதுக்கு புரூஃப் எடுத்துட்டுப் போனது யாரு தெரியுமா, பிளான்டினோட பொண்ணு மாக்தலேனா. அவருக்கு அஞ்சு பொண்ணுங்க, நாலாவது பொண்ணு இது, பதிமூணு வயசு இருக்கும், புரூஃபை மொன்டானோ தங்கியிருந்த இடத்துக்கு எடுத்துட்டுப் போய் எபிரேயம், அரமேயம், சிரியாக், கிரேக்கம், லத்தீன் மூலத்தை எல்லாம் அவருக்கு வாசிச்சுக் காட்டுவாளாம், இதை பிளான்டினே ஒரு கடிதத்துல எழுதி வச்சிருக்கார். என் மனசுல இந்த மியூசியத்துலயே பெரிய ஆளு அவதான். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவுக்கு மூலம் வாசிச்சிருக்கேன், அவர் புரூஃப்ல டிக் அடிச்சுட்டே வருவார், கல்யாணப் பத்திரிகையும் ரசீது புத்தகமும்தான், இருந்தாலும் வாசிக்கிற பொண்ணுக்கு எங்க மூச்சு விடணும்னு தெரியும். இதை அப்பாகிட்ட சொன்னேன், "நீ பேரெல்லாம் வேகமா வாசிப்ப"ன்னார்.

கீழ பிரஸ் ரூம்ல வரிசையா மரப் பிரஸ், கடைசில ரெண்டு இருக்கு, 1600 வாக்குல செஞ்சது, உலகத்துலயே மிஞ்சியிருக்கிறதுல ரொம்பப் பழசு. பிளான்டின் நல்லா இருந்த காலத்துல 16 பிரஸ் ஓட்டியிருக்கார். 1576 நவம்பர்ல ஸ்பெயின் சிப்பாய்ங்க சம்பளம் வரலைன்னு ஊரையே சூறையாடினப்ப, தன் சொத்தைக் காப்பாத்த ஒன்பது தடவை பணம் கட்டி மீட்டேன்னு எழுதியிருக்கார். இந்த வீட்டுக்கு வந்த அதே வருஷம். அந்தப் பணம் கட்டாம இருந்திருந்தா இந்த ஈயமெல்லாம் துப்பாக்கிக் குண்டா போயிருக்கலாம்.

நம்ம பக்கத்துக்கும் ஒரு தேதி சொல்லிடறேன். பாலிகிளாட் முடிஞ்சு ஆறே வருஷம், 1578-ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம்னு ஒரு கிறிஸ்தவப் புத்தகம், பதினாறு பக்கம், தமிழ் எழுத்து ஈயத்துல. ஒரே தலைமுறை. இந்த கேஸுகளைப் பாக்கிறப்ப அது மனசுல ஓடிட்டே இருந்துச்சு, அந்தத் தமிழ் ஈயம் ஒண்ணுகூட இப்படிக் கண்ணாடிக்குள்ள உக்காந்து நான் பாத்ததில்ல.

போன வருஷம் வேற ஒரு ஊர்ல ஒரு அச்சு மியூசியம் போயிருந்தேன், பேர் வேண்டாம், அங்க மெஷின் நிறைய இருந்துச்சு, எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு, ஆனா ஒரு எழுத்துகூட இல்ல, எழுத்தில்லாத அச்சாபீஸ். கேட்டதுக்கு அங்க இருந்தவர் "அதெல்லாம் யாரு பாக்கப் போறாங்க"ன்னுட்டார். அதனாலதான் இங்க கேஸ் கேஸா பாத்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போறவங்களுக்கு: திங்கக்கிழமை லீவு. காலைல முதல் ஆளா போங்க, எழுத்து ரூம்ல தனியா நிக்கிற பத்து நிமிஷம் கிடைக்கும். வெளிச்சம் கம்மியா இருக்கும், பழைய காகிதத்துக்காக, பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா படிக்கிற கண்ணாடியை மறக்காதீங்க. குழந்தைங்களுக்கு பிரஸ் ரூம் பிடிக்கும், மத்தது சந்தேகம். ரெண்டு மணி நேரம் போதும்னு எழுதுவாங்க, அச்சுத் தொழில்ல இருந்தவங்க யாராவது கூட வந்தா நாலு மணி நேரம் வச்சுக்கோங்க. எபிரேய எண் முதல் பத்தும் கிரேக்க எண் முதல் பத்தும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வச்சுக்கோங்க, கண்ணாடிக்குள்ள இருக்கிற பக்கத்துல நீங்களே தேடிப் படிக்கலாம், அந்த சந்தோஷமே தனி.

பிளான்டின் எழுதின பிரெஞ்சுக் கவிதை ஒண்ணை பழைய எழுத்துல அச்சடிச்சுக் குடுக்கிற வழக்கம் இங்க ரொம்ப நாளா இருக்கு, ஒண்ணு வாங்கினோம். அப்பாவுக்கு பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. வாங்கினதும் திருப்பி, பின்பக்கம் விரலால தடவி எழுத்து எவ்வளவு பதிஞ்சிருக்குன்னு பாத்தார், அப்புறம் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தார். நான் சுருட்டி பைல வைக்கப் போனேன், விடல. ஸ்டேஷன் வரைக்கும் ரெண்டு கையாலயும் ஓரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டே நடந்தார், ரயில்ல பக்கத்துல உக்காந்த அம்மா தள்ளி உக்காந்து இடம் விட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் அடில ஒரு பேப்பர், மேல ஒரு பேப்பர் போட்டு, என் கனமான அகராதியை எடுத்து மேல வச்சார். "மை காயட்டும், நாளைக்குத் தொடு"ன்னார்.